சும்மா இருந்த நேரம்

என் அண்ணி எம்.பி.ஏ. படித்தாள். சொல்லும்போது இரண்டு வார்த்தைதான். எங்கள் வீட்டில் அது மூன்று பேர் சேர்ந்து பட்ட பாடு. அவள் வகுப்புக்குப் போனாள், அண்ணன் சமைத்தான், நான் அவன் சமைத்ததைச் சாப்பிட்டேன். மூன்றில் எது கஷ்டம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், என்னுடையதுதான்.

அண்ணிக்கும் எனக்கும் ஒரே இடத்தில் வேலை. பெரிய மருத்துவமனை ஒன்றின் பின்பக்கம், கொதிகலன் அறையை ஒட்டி இருக்கிறது சலவைப் பிரிவு. வார்டு விரிப்புகள், ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணிகள், நோயாளிகளின் அங்கிகள் எல்லாம் வண்டி வண்டியாக வந்து இறங்கும். துவைத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்து மேலே அனுப்புவோம். அண்ணியும் முதலில் எங்களைப் போல மேஜையில் நின்றவள்தான். நின்றுகொண்டே அஞ்சல் வழியில் ஒரு பட்டம் வாங்கினாள், சூப்பர்வைசர் ஆனாள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் ஒற்றைப் பெட்டியோடு நான் திரும்பி வந்தபோது, "அழுதது போதும், நாளைக்கு என்கூடக் கிளம்பு" என்று என்னைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டதும் அவள்தான். அந்த வேலை எனக்கு வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் இல்லை. அண்ணன் வீட்டில் ஒண்ட வந்தவள் என்று எவளும் என்னைப் பார்த்து நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேச முடியாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம்.

சூப்பர்வைசர் ஆனதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வேலை முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு மாலை வகுப்புக்கு ஓடுவாள். சமையலறைச் சுவர் முழுக்கச் சீட்டுகள் ஒட்டி வைத்தாள். உப்பு டப்பாவைத் திறக்கப் போனால் அதன் மேல் 'மோட்டிவேஷன்' என்று எழுதியிருக்கும். காய்கறிக் கடையில் தக்காளி விலை ஏறியிருப்பதைப் பார்த்து டிமாண்ட், சப்ளை என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பாள். "டிமாண்டு இருந்தா எடும்மா, இல்லைன்னா நசுக்காத" என்பாள் கடைக்காரி. அண்ணன் பஸ் ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது. "என் பொண்டாட்டி ஹியூமன் ரிசோர்ஸ் படிக்கிறா, அந்த ஹியூமன் நான், ரிசோர்ஸ் என் சம்பளம்" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். கேலி செய்தானே தவிர, பரீட்சை நாட்களில் டீ போட்டுக் கையில் கொடுப்பது அவன்தான்.

கடைசி செமஸ்டரில் வகுப்பு கிடையாது, ப்ராஜெக்ட் மட்டும். ஏதாவது ஒரு நிறுவனத்தை ஆராய்ந்து ரிப்போர்ட் எழுதி, வைவாவில் தேர்வாளர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். அண்ணி எங்கள் சலவைப் பிரிவையே எடுத்துக்கொண்டாள். தொழிலாளர்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பது தலைப்பு. எங்களை ஒவ்வொருவராக மேஜை அருகிலேயே நிறுத்தி, செல்போனில் பதிவு செய்துகொண்டு கேள்வி கேட்டாள். எங்களில் மூத்தவளை எல்லோரும் ரேடியோ அக்கா என்போம். காலையில் திறந்த வாயை ஷிஃப்ட் முடிந்துதான் மூடுவாள். அவள் பேட்டிக்கு முன்னால் கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொண்டாள். "வெறும் குரல்தான்கா பதிவாகும்" என்றேன். "இருக்கட்டும்டி, குரல்லயே தெரியும்" என்றாள். அவ்வளவு பெருமை எங்களுக்கு. எங்களைப் பற்றி ஒருத்தி எழுதுகிறாள், அது பல்கலைக்கழகத்துக்குப் போகிறது!

பெருமை எல்லாம் ஒரு திங்கட்கிழமைக் காலையோடு போயிற்று.

எங்கள் மேனேஜருக்குப் பெயர் பெர்சென்ட். நாங்கள் வைத்ததுதான். நூற்றுக்கு இத்தனை என்று சொல்லாமல் அவருக்கு இருமல்கூட வராது. அண்ணியின் ரிப்போர்ட்டில் நிறுவனத்தின் சார்பில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டபோது படித்தும் விட்டார். அன்று மெஷின்களை நிறுத்தச் சொல்லி, மடிக்கும் மேஜை பக்கம் எங்கள் பதினெட்டுப் பேரையும் கூப்பிட்டார். பக்கத்தில் அண்ணி நின்றாள். அவள் முகத்தில் ஈ ஆடவில்லை.

"உங்க சூப்பர்வைசர் அருமையா ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க" என்று ஆரம்பித்தார். நாங்கள் கைதட்டினோம். அதை நினைத்தால் இப்போதும் என் கையையே வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. "அதுல என்ன தெரியுதுன்னா, உங்க ஷிஃப்ட்ல மூணுல ஒரு பங்கு ஐடில் டைம். அதாவது சும்மா இருக்கிற நேரம். நான் சொல்லல. நீங்களே உங்க வாயால சொன்னது."

அவரே தொடர்ந்தார். "அடுத்த வாரம் வைவா. யூனிவர்சிட்டியே இந்தக் கணக்கை ஒத்துக்கிட்டா, அதுக்கடுத்த போர்டு மீட்டிங்ல வைக்கப்போறேன். பதினெட்டுப் பேர் பார்க்கிற வேலையைப் பன்னெண்டு பேர் பார்க்கலாம். இவங்களுக்கும் அசிஸ்டென்ட் மேனேஜர் போஸ்டுக்குச் சொல்லியிருக்கேன். படிச்சவங்க மேல வரணும் இல்லையா?"

கணக்கில் நான் மக்குதான். ஆனால் பதினெட்டில் பன்னிரண்டு போனால் ஆறு என்பது தெரியும். கடைசியாகச் சேர்ந்தவர்கள்தான் முதலில் வெளியே போவார்கள் என்பதும் தெரியும். அந்த ஆறு பேரில் நான் உண்டு.

"வேலியே பயிரை மேஞ்சிடுச்சு" என்றாள் ரேடியோ அக்கா, அண்ணிக்கும் கேட்கும்படி. அதற்குப் பிறகு அன்று முழுவதும் ரேடியோ பாடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் வெடித்தேன். அண்ணன் அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றிய சட்டையோடு அப்படியே நின்றுவிட்டான்.

"நாங்க சும்மா இருக்கோமா அண்ணி? இடுப்பு ஒடிய நிக்கிறோமே, அது உங்க கண்ணுக்குச் சும்மாவா?"

"கத்தாத. நான் வேணும்னு எழுதல. நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்."

"எவ சொன்னா? பேரைச் சொல்லுங்க, நாளைக்கே போய் நாக்கை இழுத்து வச்சுக் கேக்கறேன்."

அண்ணி செல்போனை எடுத்து, தேடி, மேஜை மேல் வைத்தாள். முதலில் அவள் குரல் கேட்டது. "ஒரு லோடு மெஷின்ல சுத்திட்டிருக்கிற நேரத்துல நீங்க என்ன பண்ணுவீங்க?" அடுத்து வந்தது என் குரல். என் குரலேதான், சிரிப்பு வேறு. "என்ன பண்ணுவோம், சும்மாதான் இருப்போம்!"

என் வாயே எனக்கு எமன் ஆனது அன்றைக்குத்தான். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அண்ணனைப் பார்த்துக் கத்தினேன், "நீ என்ன வேடிக்கை பாக்கறே?" அவன் பாவம், "நான் வாயைத் திறக்கல சாமி. இந்தப் பக்கம் பேசினா தங்கச்சி, அந்தப் பக்கம் பேசினா பொண்டாட்டி. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி" என்று சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அடுத்த இரண்டு நாள் வீட்டில் நானும் அவளும் பேசவில்லை. பஸ்ஸில் அடுத்தடுத்த சீட்டில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனோம். வேலையில் அவளை யாரும் அக்கா என்று கூப்பிடவில்லை. "மேடம்" என்றார்கள். ஸ்டீம் பிரஸ் ஓட்டும் ஆள் எங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி, ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். அவரே அவள் வரும்போது முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். நான் உள்ளுக்குள் நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். கூடவே, அவர் அப்படித் திரும்பி நின்றது எனக்கே பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை, வீட்டில் நான் துணி மடித்துக்கொண்டிருந்த அறைக்குள் அண்ணி செல்போனோடு வந்தாள். "ஒரு நிமிஷம். திட்டறதை அப்புறம் திட்டிக்கோ. இதைக் கேளு" என்று அதே பதிவை மறுபடி போட்டாள்.

"எத்தனை தடவை போட்டு என்னை அவமானப்படுத்துவீங்க?"

"உன் பேச்சைக் கேக்காத. பின்னாடி கேளு."

கேட்டேன். நான் சும்மாதான் இருப்போம் என்று சொல்லிச் சிரிக்கிறேன். அதன் பின்னால் பட் பட்டென்று துணி உதறும் சத்தம். நிற்காமல் கேட்கிறது. நடுவில் ஒரு தடவை டிங் என்று தகரத் தட்டில் ஏதோ விழுகிறது.

"அந்த டிங் என்ன?" என்றாள்.

"தியேட்டர் துணியில கிளிப்பு கிடிப்பு மாட்டிட்டு வரும். எடுத்துத் தட்டுல போட்டிருப்பேன். எடுக்காம மெஷின்ல போட்டா டிரம்மைக் கீறிடும்."

"அப்ப நீ உதறிட்டிருந்தே. தடவிப் பாத்துட்டிருந்தே. ரத்தக்கறைத் துணியைத் தனியா ஊறப் போட்டிருப்பே, கிழிசலைத் தனியா எடுத்து வச்சிருப்பே. என்கிட்ட பேசிட்டே அத்தனையும் பண்ணிட்டு, வாயால சும்மா இருக்கோம்னு சொல்லியிருக்கே."

"அதெல்லாம் ஒரு வேலையா அண்ணி? மெஷின் சுத்தற நேரத்துல சும்மா கை பாட்டுக்குச் செய்யறதுதானே?" என்று சொல்லிவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாரும் இதையேதான் சொல்லியிருக்கீங்க. பதினெட்டுப் பேரும். எல்லார் பின்னாடியும் இந்தச் சத்தம் இருக்கு. நான் சத்தத்தை விட்டுட்டுச் சொல்லை எழுதிட்டேன்."

"நீங்களும் அதே மேஜைல நின்னவங்கதானே? உங்களுக்குமா தெரியல?"

"நின்னதாலதான்டி தெரியல. அங்க நின்னப்போ நானும் அதை வேலைன்னு நினைச்சதில்ல."

எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இங்கே எழுதியவளும் கெடுத்தாள், சொன்னவளும் கெடுத்தாள். யாரை அடிப்பது?

மறுநாள் அவள் அவசரமாகத் தன் பேராசிரியரைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது முகம் செத்துப் போயிருந்தது. ரிப்போர்ட் தேர்வாளர் கைக்குப் போய்விட்டது, இனி திருத்த முடியாது என்றாராம். வைவாவில் நின்று தன் கணக்கு தப்பு என்று அவளே சொன்னால் ரிப்போர்ட் தள்ளுபடி. ஆறு மாதத்துக்குள் மறுபடி ஆட்களைக் கேட்டு, மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் மூன்று வருடப் படிப்பும் தண்ணீரில் போட்டதுதான். "உங்க மேனேஜரை அவமானப்படுத்திட்டு, அதே மேனேஜர்கிட்ட மறுபடி அனுமதி கேப்பியாம்மா? பேசாம பாஸ் பண்ணிட்டுப் போ, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பினாராம்.

"அப்புறம் என்னத்தைப் பாக்கறது? அதுக்குள்ள போர்டு மீட்டிங் வந்துடுமே" என்றான் அண்ணன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன பண்ணப்போற?"

"தெரியல."

அவ்வளவுதான் சொன்னாள். வைவா வரைக்கும் அந்த ஒரே பதில்தான். எனக்கு உள்ளே பொங்கிக்கொண்டே இருந்தது. எங்களுக்காக அந்தக் கணக்கை விட்டுக்கொடுங்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் செய்துவிடுவாள், எனக்குத் தெரியும். உப்பு டப்பாவைப் பார்த்துக்கூடப் பாடம் படித்தவளிடம் அதை எந்த வாயால் கேட்பது? கேட்காமல் விட்டால் ஆறு குடும்பம். ரேடியோ அக்கா தினமும் என் காதைக் கடித்தாள், "உங்க வீட்டு மகராணிகிட்ட சொன்னியா?" என்று. "உங்களுக்குத்தான் வாய் இருக்கே, நீங்களே போய்க் கேளுங்க" என்று எரிந்து விழுந்தேன். அவளும் கேட்கவில்லை. ஒருத்தியும் கேட்கவில்லை.

வைவா அன்று காலை நான் லீவு சொல்லிவிட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"நீ எங்க?" என்றாள் அண்ணி.

"உங்க பையைத் தூக்க."

அவள் லேப்டாப் பையை என்னிடம் கொடுத்தாள்.

பல்கலைக்கழகத்தின் அந்த அறையில் பார்வையாளர்கள் உட்காரலாம். பின்வரிசையில் மற்ற மாணவர்கள் தங்கள் முறைக்குக் காத்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ ஒப்பித்துக்கொண்டு இருந்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு அம்மா, கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார். பக்கத்தில் அண்ணியின் பேராசிரியர். முன்வரிசையில் நிறுவனத்தின் பிரதிநிதியாக நம் பெர்சென்ட், புது டை கட்டிக்கொண்டு. என்னைத் தாண்டித்தான் போய் உட்கார்ந்தார். ஏப்ரன் இல்லாமல் என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அண்ணி பேச ஆரம்பித்தாள். என்னமாகப் பேசினாள்! எங்கள் சந்துபொந்து, ஆவி, இரைச்சல், வண்டிச் சக்கரம் எல்லாம் அந்தக் குளிர்ந்த அறைக்குள் வந்து நின்றன. தேர்வாளர் அம்மா தலையை ஆட்டி ஆட்டி ஏதோ குறித்துக்கொண்டார். இவள் பாஸ்தான் என்று எனக்கே தெரிந்துவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, இவள் பாஸ் ஆனால் நான் வெளியே என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. பிறகு திரையில் ஒரு வட்டம் வந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு சிவப்பு. அந்தச் சிவப்பில் நாங்கள் இருந்தோம்.

தேர்வாளர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "இது ரொம்ப முக்கியமான ஃபைண்டிங். இந்த ஐடில் டைமை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அண்ணியைப் பார்த்துப் பேராசிரியர் லேசாகத் தலையை அசைத்தார், வேண்டாம் என்பது போல. என் கை பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தது. சொல்லுங்கள் என்று மனசு ஒரு பக்கம் அடித்துக்கொண்டது, சொல்லாதீர்கள் என்று இன்னொரு பக்கம். இரண்டும் நிஜம்.

"அதுக்கு முன்னாடி எங்க மேனேஜர் சார்கிட்ட ஒரு கேள்வி கேக்கலாமா மேடம்?" என்றாள்.

பெர்சென்ட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. டையை நீவிக்கொண்டு எழுந்தார். "தாராளமா."

"இன்னைக்குக் காலைல ஆபீஸ் வந்ததுலேருந்து இங்க கிளம்பற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க சார்?"

"நானா? பெருசா ஒண்ணும் இல்ல. சும்மா நாலு ஃபைல் பாத்தேன், சும்மா ஒரு ரவுண்டு போனேன், சப்ளையர் ஒருத்தர் வந்தாரு, சும்மா பேசிட்டிருந்தோம். அப்படியே கிளம்பி வந்துட்டேன்."

அண்ணி தேர்வாளர் பக்கம் திரும்பினாள். "நான் இந்த ரிப்போர்ட்ல பயன்படுத்தின முறைப்படி பார்த்தா மேடம், சார் காலைலேருந்து ஐடில்."

பின்வரிசை கொல்லென்று சிரித்தது. தேர்வாளர் அம்மாவும் கையால் வாயை மூடிக்கொண்டார். பெர்சென்ட் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் கொஞ்சம் சிரித்துவிட்டு, தெரிந்ததும் நிறுத்தினார்.

அண்ணி சிரிக்கவில்லை. "நம்ம ஆளுங்ககிட்ட என்ன பண்றீங்கன்னு கேட்டா யாரும் வேலை செய்யறேன்னு சொல்லமாட்டாங்க மேடம். சும்மான்னுதான் சொல்லுவாங்க. பெருசா சொல்லிக்கக் கூடாதுன்னு ஒரு கூச்சம். நானும் அப்படித்தான் சொல்லுவேன். சார் சொன்னா அது நிர்வாகம். எங்க ஆளுங்க சொன்னதை நான் ஐடில் டைம்னு எழுதிட்டேன். அந்த நேரத்துல அவங்க அடுத்த லோடுத் துணியை உதறிப் பார்த்துப் பிரிச்சுட்டிருந்தாங்க. அது என் ரிப்போர்ட்ல எங்கயும் இல்ல."

"அப்ப இந்த மூணுல ஒரு பங்கு?"

"தப்பு மேடம்."

"எவ்வளவு தப்பு?"

"முழுசும்."

பெர்சென்ட் குறுக்கே பாய்ந்தார். "மேடம், பதட்டத்துல பேசறாங்க. டேட்டாவெல்லாம் கரெக்ட். நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

தேர்வாளர் அவரை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்த எண்ணை எடுத்துட்டா உங்க ரிப்போர்ட்ல மிச்சம் எதுவும் நிக்காது. நீங்க பேசினது எனக்குப் பிடிச்சிருக்கு. அதுக்காக நான் பாஸ் போட முடியாது. இந்தப் பேச்சை நாம பேசலன்னு வச்சுக்கவும் எனக்குச் சம்மதம்தான். வேலை நேரம் பத்தின கணிப்புல கொஞ்சம் பிழை இருக்கலாம்னு ஒரு வரி சேர்த்துட்டுப் போகலாம். என்ன சொல்றீங்க?"

அடிப்பாவி, கதவைத் திறந்தே வைக்கிறாளே என்று நான் பல்லைக் கடித்தேன். அந்த ஒரு வரி போதும், அண்ணிக்குப் பட்டம். அந்த ஒரு வரியை பெர்சென்ட் எந்த போர்டிலும் படிக்கப் போவதில்லை. அண்ணி மேஜை மேல் இருந்த தண்ணீரை எடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"வாபஸ் வாங்கிக்கிறேன் மேடம்" என்றாள்.

வெளியே தாழ்வாரத்தில் பெர்சென்ட் எங்களுக்காகவே நின்றிருந்தார். டை தளர்ந்து தொங்கியது. "என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்க இல்ல? போர்டுக்கு நான் இப்ப எதைக் கொண்டுபோறது? ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. இனிமே என் பிரிவுக்குள்ள ஆராய்ச்சி, கேள்வி, ரெக்கார்டிங், எந்த இழவும் கிடையாது. அசிஸ்டென்ட் மேனேஜரையும் மறந்துடுங்க. சூப்பர்வைசர் வேலையை ஒழுங்கா பாருங்க, போதும்."

"சரிங்க சார்" என்றாள் அண்ணி.

பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். என் வேலை பிழைத்தது. அதற்குக் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது, குதித்தால் செருப்பால் அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "உங்க நல்ல மனசுக்கு ஒரு குறையும் வராது அண்ணி" என்றேன்.

அவள் பொலபொலவென்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. "நல்ல மனசாம், மண்ணாங்கட்டி! எனக்கு அந்தப் பட்டம் வேணும்டி. ரொம்ப வேணும். அந்தம்மா ஒரு வரி எழுதுன்னு சொன்னப்போ எழுதிடலாம்னுதான் வாயைத் திறந்தேன். வாய்ல வேற வந்துடுச்சு. இப்ப ஆறு மாசத்துல நான் யாரைப் போய்க் கேப்பேன்? உள்ள விடவே மாட்டேன்னுட்டான் அந்தாளு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று இல்லை, பொதுவாக. "உள்ளதானே கேக்கக் கூடாது? இது பஸ் ஸ்டாப். செல்போனை எடுங்க."

"என்ன உளர்றே?"

"எடுங்கன்னா எடுங்க. என்னைக் கேளுங்க. நாளைக்கு ரேடியோ அக்காவை வீட்டுக்கு இழுத்துட்டு வர்றேன், அதுக்கப்புறம் மீதிப் பேரு. பெர்சென்ட் நம்ம வீட்டு வாசல்ல வந்து தடுக்கட்டும் பாக்கலாம்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு செல்போனை எடுத்து எங்கள் நடுவில் பெஞ்சில் வைத்தாள். குரலைச் சரிசெய்துகொண்டு, உத்தியோகத் தோரணையில் கேட்டாள். "ஒரு லோடு மெஷின்ல சுத்திட்டிருக்கிற நேரத்துல நீங்க என்ன பண்ணுவீங்க?"

வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, முதலிலிருந்து சொன்னேன். மூட்டையை எப்படி அவிழ்ப்போம், எந்த வார்டுத் துணியை முதலில் எடுப்போம், கறையை எப்படிப் பார்ப்போம், மடிப்புக்குள் கையை எப்படி விடுவோம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். என் வேலையை நான் இவ்வளவு நீளமாக யாரிடமும் சொன்னது கிடையாது. சொல்லச் சொல்ல எனக்கே மூச்சு வாங்கியது.

"மடிப்புக்குள்ள என்ன இருக்கும்?"

"கத்தரி இருக்கும், கிளிப்பு இருக்கும். எப்பவாவது ஊசி இருக்கும்."

"கிளவுஸ் போட்டுக்கறீங்க இல்ல?"

"ஊசிக்கு கிளவுஸ் ஒரு பொருட்டா?"

"குத்தியிருக்கா?" இதைக் கேட்டபோது தோரணை போய்விட்டது. "உனக்குக் குத்தியிருக்காடி?"

"ஒரு தடவை. நோயாளிக்குப் போட்ட ஊசி. நோய் ஏதும் தொத்தியிருக்கான்னு வேற இடத்துல போய் ரத்தம் குடுத்துப் பார்த்தேன். மறுபடி மூணு மாசம் கழிச்சுத்தான் உறுதியாச் சொல்ல முடியும்னாங்க. மூணு மாசம் கழிச்சு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

"அந்த மூணு மாசமா நீ தனித் தட்டு, தனி டம்ளர் வச்சுக்கிட்டே? ஏதோ கோவத்துல பண்றேன்னு நான் உன்னைத் திட்டினேனே!"

"ஆமா."

"ஒரே வீட்ல இருக்கோம். உன் சூப்பர்வைசரும் நான்தான். ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"அப்ப உங்களுக்கு முதல் செமஸ்டர் பரீட்சை அண்ணி" என்றேன்.